சொல்லையும் நிறுத்துப் பாருங்கள்



இத்திங்கள் வந்த மடல்களுள் ஒன்று மேலப்பாளையத்துத் தாய் ஒருவர் எழுதியது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர். தாயும் மகளும் வீட்டிலிருந்தபடியே தொப்பியும் குழந்தைகளுக்கான உடையும் தைத்து இணையச் சந்தை ஒன்றில் விற்று வருகின்றனர். விற்பனை குறைவின்றி நடக்கிறது. ஆனால் வங்கிக்கு வந்து சேரும் பணமோ கணக்கிட்டதிற் பாதியளவே இருக்கிறது. காரணம் கேட்டு எழுதினால் ஆங்கிலத்தில் விடை வருகிறது. "ஆங்கிலம் பேசப் பயிற்றும் வகுப்பொன்றில் மகளைச் சேர்த்துவிட்டால் இத்தொல்லை தீருமா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

சேர்ப்பதில் தவறில்லை. ஆயினும் இத்தொல்லைக்கு அங்கே மருந்து கிடைக்காது. அவ்வகுப்புகளில் நலம் விசாரிக்கவும், தம்மை அறிமுகம் செய்துகொள்ளவும், நேர்முகத் தேர்வில் நாக்குழறாமல் விடை கூறவும் கற்பிக்கிறார்கள். வணிகத்தின் ஆங்கிலம் அதுவன்று. அதைப் பேச வேண்டியதே இல்லை, படித்தறிந்தால் போதும். அதன் சொற்களும் மிகுதியல்ல. நூறு அல்லது நூற்றைம்பது சொற்களை ஐயமறத் தெரிந்துகொண்ட பெண், இலக்கணப் பிழையின்றி ஒரு வாக்கியம் பேச அறியாதவராயினும், தம் கடையைத் தாமே காத்துக்கொள்வார். ஏனெனில் இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கேள்வி நிற்கிறது: இழப்பு நேர்ந்தால் அதைச் சுமப்பவர் யார்?

ஆங்கிலம் என்றவுடன் அஞ்சும் நம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். நம் கடைத்தெருவில் நாள்தோறும் புழங்கும் அசல், நகல், பாக்கி, வசூல், ஜாமீன், ரத்து ஆகிய சொற்கள் அனைத்தும் அரபு மொழியிலிருந்து வந்தவை. ரசீது என்பது பாரசீகம். இவற்றைக் கற்க நம் பாட்டன்மார் எந்த வகுப்புக்கும் சென்றதில்லை. கொடுக்கல் வாங்கலில் தேவைப்பட்டன. எனவே நாவில் தங்கின. ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர். சுங்கக் கட்டணத்தைக் குறிக்கும் 'டாரிஃப்' என்னும் ஆங்கிலச் சொல் அரபியின் 'தஃரீஃப்' என்பதன் வழிவந்தது. அறிவித்தல் என்பது அதன் பொருள். 'சராசரி' என்று நாம் பெயர்க்கும் 'ஆவரேஜ்' என்பதும் 'அவார்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே. கப்பலிற் சேதமுற்ற சரக்கை அது குறித்தது. அச்சேதத்தைச் சரக்குக்குரியோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்திலிருந்து இன்றைய பொருள் கிளைத்தது. (ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் 'காசு' என்று பெருமை பேசுவோர் உண்டு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. கீழைநாட்டுச் சிறு நாணயங்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய மற்றொரு 'கேஷ்'தான் நம் காசு.)

எடை பற்றிய மூன்று சொற்களிலிருந்து தொடங்குவோம். பெட்டியோடு சேர்ந்த மொத்த எடை 'கிராஸ்'. பெட்டியின் எடை மட்டும் 'டேர்'. இதுவும் கழித்து ஒதுக்கப்படுவது என்னும் பொருள்தரும் 'தர்ஹா' என்ற அரபுச் சொல்லின் வழிவந்ததே. எஞ்சியது 'நெட்'. பணத்திற்கும் இதே வழக்குத்தான். 'கிராஸ் சேல்ஸ்' என்பது பிடித்தம் ஏதுமின்றி விற்ற மொத்தத் தொகை; 'நெட்' என்பது பிடித்தம் போகக் கைக்கு வருவது. இணையச் சந்தையின் முகப்பில் பெரிய எழுத்தில் தோன்றுவது பெரும்பாலும் முன்னதே. அதனைப் பார்த்து மகிழ்ந்து, நூலும் துணியும் கடனுக்கு வாங்கிவிடுகிறோம்.

எடையில் இன்னொரு வகையும் உண்டு. நம் இராமநாதபுரம், தூத்துக்குடிப் பகுதிகளில் பனையோலையால் அழகிய பெட்டிகள் முடைகிறார்கள். ஒரு பெட்டி ஒரு கிலோவுக்கு மேல் கனக்காது. ஆனால் கூரியர் நிறுவனம் ஏழு கிலோவுக்குக் கட்டணம் கேட்டால் திகைப்பாயிருக்கும். இதில் ஏமாற்று இல்லை. ஒப்பந்தத்தில் 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்று இரண்டு சொற்கள் இருந்திருக்கும். பொருள் அடைக்கும் இடத்தை எடையாக மாற்றிக் கணக்கிடும் முறை அது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுக்கிறார்கள். 40, 30, 30 என்ற அளவுள்ள அட்டைப்பெட்டிக்கு 36000, வகுத்தால் 7.2 கிலோ. இவ்வெடை, உண்மை எடை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். சொல்லை அறிந்தவர் ஒன்றினுள் ஒன்று அடங்குமாறு பெட்டிகளை முடைந்து, மூன்றை ஒரே கட்டில் அனுப்புவார்.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் சொல்லுக்கு வருகிறேன். அது மூன்றே எழுத்துடைய 'மே' என்னும் துணைவினை. பள்ளியில் வகுப்பறை வாயிலில் நின்று, உள்ளே வரலாமா என்று பணிவோடு கேட்க இச்சொல்லைக் கற்றோம். ஆகையால் அது பணிவான, தீங்கற்ற சொல் என்று நம் உள்ளத்திற் பதிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் அது பணிவன்று; உரிமை. 'கம்பெனி மே டிடக்ட்' என்றிருந்தால், நிறுவனம் பிடித்துக்கொள்ளலாம் என்று பொருள். பிடிக்கும் உரிமை அதற்கு உண்டு, பிடிக்காமலும் இருக்கலாம். 'செல்லர் ஷல்' என்று தொடங்கினால், விற்பவர் செய்தே தீரவேண்டும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'மே' எத்தனை இடங்களில் நிறுவனத்தின் பெயரோடு வருகிறது, 'ஷல்' எத்தனை இடங்களில் உங்கள் பெயரோடு வருகிறது என்று பென்சிலால் கோடிட்டு எண்ணுங்கள். ஒப்பந்தம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஆங்கிலம் முழுதும் அறியாமலே விளங்கிவிடும்.

'மே' என்பதன் உறவினர் சிலர் உளர். 'அட் அவர் சோல் டிஸ்கிரிஷன்' என்றால் எங்கள் விருப்பப்படியே, வேறெவரையும் கேளாமல் என்று பொருள். 'விதவுட் பிரையர் நோட்டீஸ்' என்றால் முன்னறிவிப்பின்றி. 'சப்ஜெக்ட் டு' என்ற தொடர் வந்தால் சற்று நில்லுங்கள். முன்னே சொன்ன இனிய வாக்குறுதி பின்னே வரும் நிபந்தனைக்கு உட்பட்டது என்று அது எச்சரிக்கிறது. இவை எல்லாவற்றிலும் கூரியது 'டீம்ட்' என்னும் சொல். அதன் பொருள் 'அவ்வாறே கருதப்படும்' என்பது. திரும்பி வந்த பொருளைப் பற்றி இத்தனை நாள்களுக்குள் முறையிடாவிட்டால், அது நல்ல நிலையில் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் வாய் திறக்கவில்லை, கையொப்பமும் இடவில்லை. உங்கள் மௌனமே சம்மதமாக எழுதப்பட்டுவிட்டது. எனவே திரும்பி வந்த பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டு, பெருநாள் வேலை முடிந்தபின் பிரிக்கலாம் என்றிருப்பது கூடாது.

பொருள் திரும்பி வரும் காரணங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மதரஸாவில் வணிகச் சட்டம் ஓதியவர்களுக்கு இது புதிதன்று. குறை கண்டு திருப்பும் உரிமையைக் 'கியாருல் ஐப்' என்கிறோம். காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உள்ள உரிமை ஹனஃபி மத்ஹபில் 'கியாருர் ருஃயத்' எனப்படும். காரணம் வேறுபட்டால் சட்டம் வேறுபடும் என்பதே இப்பகுப்பின் பயன். இணையச் சந்தையிலும் அப்படியே. 'டிஃபெக்டிவ்' என்றால் பொருளிலேயே குறை, பொறுப்பு செய்தவருடையது. 'டேமேஜ்ட் இன் டிரான்ஸிட்' என்றால் வழியில் சேதம்; கொண்டு சென்றவரிடம் கேட்க இடமுண்டு. 'நாட் ஆஸ் டிஸ்கிரைப்ட்' என்றால் நீங்கள் எழுதிய விவரத்திற்கும் பொருளுக்கும் பொருத்தமில்லை என்பது குற்றச்சாட்டு. இது உங்கள் பெயரைக் கெடுக்கும். 'நோ லாங்கர் நீடட்' என்றால் வாங்கியவர் மனம் மாறினார், அவ்வளவே. 'ரிட்டர்ன் டு ஆரிஜின்' என்பதோ வாடிக்கையாளர் கையை அடையாமலே திரும்பிய பொட்டலம். இவை அனைத்தையும் தமிழில் 'ரிட்டர்ன் ஆகிவிட்டது' என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுகிறோம். ஐந்தில் எது என்று அறியாமல் யாரிடம் முறையிடுவது?

மடல் எழுதிய தாயின் கணக்கு எவ்வாறு பாதியாயிற்று என்பதற்கு நானே இட்ட எண்களால் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். தொப்பியின் விலை 300 ரூபாய் என்க. 'கமிஷன்' 15 விழுக்காடு, அதாவது 45 ரூபாய். 'ஃபிக்ஸட் ஃபீ' 20. 'ஷிப்பிங்' 60. இம்மூன்றும் நிறுவனம் உங்களுக்குச் செய்த சேவைக்கான கட்டணம், மொத்தம் 125. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 22 ரூபாய் 50 காசு. ஆக மிஞ்சுவது 152 ரூபாய் 50 காசு. துணியும் நூலும் 110 ரூபாய் என்றால், உழைப்புக்கு எஞ்சுவது 42 ரூபாய் 50 காசு. ஒரு தொப்பி திரும்பி வந்து, போகவர 120 ரூபாய் உங்கள் தலையில் விழுந்தால், ஏறத்தாழ மூன்று தொப்பிகளின் உழைப்பு போயிற்று. 'செட்டில்மென்ட்' என்னும் கணக்குத் தாளில் இவை அனைத்தும் எழுதியே இருக்கின்றன. எழுதப்பட்ட சொல்லை வாசிக்காததால்தான் மாயம்போலத் தோன்றுகிறது.

அத்தாளில் இன்னும் இரண்டு சொற்கள் வரும். 'டி.சி.எஸ்.' என்பது ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற விற்பனையாளரின் கணக்கில் சந்தை நிறுவனம் வசூலித்து அரசுக்குச் செலுத்துவது. 2024 ஜூலை 10 முதல் இது ஒரு விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 'டி.டி.எஸ்.' என்பது வருமான வரிக்காகப் பிடிப்பது. 2024 அக்டோபர் முதல் ஒரு விழுக்காடு 0.1 விழுக்காடாயிற்று. தனிநபர் ஒருவர் பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்து, ஆண்டு விற்பனை 5 இலட்சத்தைத் தாண்டாமலும் இருந்தால் இது பிடிக்கப்படுவதில்லை. இவ்விரண்டும் போன பணமன்று. உங்கள் பெயரில் அரசிடம் இருக்கும் பணம். முறைப்படி கணக்குக் காட்டினால் ஈடுசெய்துகொள்ளலாம். 'ஃபீ' என்ற தலைப்பில் போனது திரும்பாது. 'டாக்ஸ்' என்ற தலைப்பில் இவ்வாறு போனதைக் கேட்க வழியுண்டு. இந்த வேறுபாட்டை மட்டுமேனும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஓரெழுத்தில் உயிர் போகும் இடமும் ஒன்றுண்டு. 2023 அக்டோபர் 1 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளரும் இணையச் சந்தை வழியே பொருள் விற்கலாம் என்று சலுகை வந்தது. அதற்குரிய வரியில் 'இன்ட்ரா-ஸ்டேட்' என்றிருக்கும். மாநிலத்துக்குள்ளே என்பது அதன் பொருள். 'இன்டர்-ஸ்டேட்' என்பது மாநிலம் விட்டு மாநிலம். மேலப்பாளையத்திலிருந்து சென்னைக்கு அனுப்பலாம். பெங்களூருக்கு அனுப்பப் பதிவு வேண்டும். காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொற்கள். ஒன்றைத் தாண்டினால் சட்ட மீறல்.

வளைகுடாவுக்கு அனுப்புவோர் நம்மில் மிகுதி. அவர்கள் 'பிசினஸ் டேஸ்' என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். வேலை நாள்களை மட்டுமே எண்ணுக என்பது அதன் பொருள். ஆனால் யாருடைய வேலை நாள்? சவூதி அரேபியாவில் 2013 ஜூன் முதல் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் பொதுவாகச் சனியும் ஞாயிறும், வெள்ளி அரைநாள். வியாழன் மாலை அனுப்பிய மின்னஞ்சலுக்கு இரண்டு வேலை நாள்களில் விடை என்றால், ரியாத் ஞாயிறையும் திங்களையும் எண்ணும். துபாய் வெள்ளியையும் திங்களையும் எண்ணும். அமெரிக்கர் 05/06 என்று தேதியிட்டால் அது மே மாதம் ஆறாம் நாள். நாமோ ஜூன் ஐந்து என்று கொண்டு ஒரு மாதம் தாமதித்துவிடுவோம். மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராக எழுதுங்கள். இலட்சம், கோடி என்ற அளவுகளையும் வெளிநாட்டார் அறியார்.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகக் குடும்பங்களுக்குக் கப்பல் சொற்கள் பழக்கமானவை. எனினும் 'சி.ஐ.எஃப்.' என்பதிற் பலர் இடறுகின்றனர். பன்னாட்டு வணிகக் கழகம் 1936 இல் முதன்முதலாக வெளியிட்டு, இறுதியாக 2020 இல் திருத்திய விதிகளின்படி, இம்முறையில் கப்பற் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேருமிடம் வரை கொடுப்பவர் விற்பவர். ஆனால் சென்னைத் துறைமுகத்தில் சரக்கு கப்பலேறிய அக்கணமே இடர் வாங்குபவருடையதாகிவிடுகிறது. பணம் கொடுப்பவரே இடரையும் சுமப்பார் என்று எண்ணுவது இயல்பு. இங்கே அவ்வாறன்று.

இதுவரை பிறர் எழுதியதை வாசிப்பது பற்றிச் சொன்னேன். நாம் எழுதும்போதும் சொல் நிறுக்கப்பட வேண்டும். 'சீப் அண்ட் பெஸ்ட்' என்பது நம் நாட்டு வழக்கு. வெளிநாட்டார் காதில் 'சீப்' என்பது மட்டரகம் என்றும் ஒலிக்கும். 'கைண்ட்லி ரிவர்ட்' என்று எழுதுவோர் விடை கேட்கிறார்கள். அச்சொல்லுக்கோ பழைய நிலைக்குத் திரும்புதல் என்றே பொருள். (நம்மிடையே இஸ்லாத்தைத் தழுவியவர்களை அச்சொல்லால் அழைக்கும் வழக்கமும் இருப்பதால், படிப்பவர் புன்னகைக்கக்கூடும்.) 'ஆர்ட் சில்க்' என்பதைக் கலைநயமிக்க பட்டு என்று பொருள்கொண்டு விற்றவர்களை அறிவேன். அது 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதன் சுருக்கம்; செயற்கை இழை. நம் ஆண்கள் பட்டணிவதில்லையாகையால், இச்சொல்லின் உண்மையை வாங்குபவருக்கு விளக்கினால் விற்பனை கூடவே செய்யும். 'ஜெனுயின் லெதர்' என்பது உண்மைத் தோல் என்று மட்டுமே சொல்கிறது; தரத்தில் மேலானதைக் குறிக்க 'ஃபுல் கிரெய்ன்' என்ற வேறு தொடர் உண்டு. கைச்சாயமிட்ட துணி விற்பவர், நிறம் சற்று வேறுபடலாம் என்பதை 'கலர் மே வேரி ஸ்லைட்லி' என்று எழுதிவைக்கட்டும். பார்த்தீர்களா, அதே 'மே' இப்போது உங்கள் பக்கம் நின்று பேசுகிறது!

எப்படிக் கற்பது? தேவையிருந்தால் மொழி விரைவில் வசப்படும். தமக்கு வரும் மடல்களைப் படிக்கவும் விடை எழுதவும் பிறரை நம்ப வேண்டியிராதவாறு, யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரைத்திங்கள் கழிவதற்குள் அவர்கள் அதில் தேர்ச்சி பெற்றார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. நம் காலத்தில், சீனத்தின் ஹாங்சௌ நகரத்து ஜாக் மா சிறுவயதில் விடுதிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியே ஆங்கிலம் பழகினார். கல்லூரி நுழைவுத் தேர்வில் இருமுறை தவறிப் பின் தேறி, ஆங்கில ஆசிரியரானார். 1999 இல் தம் குடியிருப்பில் நண்பர்களைக் கூட்டி 'அலிபாபா' என்னும் இணையச் சந்தையைத் தொடங்கினார்; அப்பெயர் ஆயிரத்தோர் இரவுகளோடு நம் குழந்தைகளும் அறிந்த பெயர்தானே. மொழி புழங்கும் இடத்துக்கே சென்று அதைக் கற்றவர் அவர்.

உங்கள் ஆங்கிலம் புழங்கும் இடம் உங்கள் கணக்குத் தாள். எனவே அகராதியின் முதற்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வாங்கி, பக்கத்துக்கு மூன்று கோடு கிழியுங்கள். முதற்பத்தியில் சென்ற வாரத் தாளில் கண்ட சொல். இரண்டாவதில் அதன் தமிழ். மூன்றாவதில் அதனால் எத்தனை ரூபாய், யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பது. எஞ்சிய இடத்தில் எத்தனை நாள் கெடு என்பது. நாளுக்கு மூன்று சொற்கள் போதும். இரவு உணவுக்குப்பின் மகள் வாசிக்க, தாய் பொருள் சொல்லட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். தொலைபேசியிலுள்ள மொழிபெயர்ப்புக் கருவியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'மே', 'ஷல்', 'அன்லெஸ்', 'டீம்ட்' வரும் வரிகளை அதனிடம் மட்டும் விட்டுவிடாமல், தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில், திரும்பி வந்த பொட்டலத்தைப் பற்றி முறையிட உங்கள் சந்தை தரும் கெடு எத்தனை நாள் என்பதைச் சிவப்பு மையால் எழுதுங்கள். அதன் கீழே, பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படம் பிடிக்க வேண்டும் என்பதையும்.